பட்டி தெரிகிறது, பெயின்ட் வெளுக்கிறது, மட்கார்டு கழல்கிறது: கையால் செய்த மாடல் கார் உறுப்புகளைப் பழுது பார்ப்பது எப்படி?

மாடல் காரில் புதிதாகக் கை வைப்பவர்களின் ஆசை பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகும். 1/24 அளவில் ஒரு பிளாஸ்டிக் கிட்டோ, பொம்மைக் கடை அம்பாசடரோ வாங்குவார்கள். மட்கார்டை அகலமாக்கி, முன்னால் புது பம்பர், பின்னால் டிக்கி மேல் நிற்கும் பட்டையான ஒரு ஸ்பாய்லர் என்று கையாலேயே செய்து ஒட்டி, ஸ்ப்ரே அடிப்பார்கள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்கள் ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற பிரிட்டிஷ் காரின் மாடலைத் தேடிப் பிடித்து, அந்தக் காலத்தில் நம் வண்டலூர்ப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக மாற்றப் பார்ப்பார்கள். இங்கே நான்கு கதவு ஹெரால்டும் ஓடியது என்பதால், அதற்கு ஆசைப்பட்டால் இரண்டு கதவு மாடலில் கதவையே வெட்டிச் சேர்க்க வேண்டியிருக்கும்.

கோளாறு எதுவானாலும் அது கண்ணில் படுவது கடைசியில், பெயின்ட் அடித்த பிறகு. அதனால் எல்லோரும் பெயின்ட்டைத்தான் திட்டுகிறார்கள். மேலே இன்னொரு கோட் அடித்துப் பார்க்கிறார்கள். அது இன்னும் மோசமாகிறது. அடியில் பிளாஸ்டிக், அதன் மேல் பசை, பட்டி (பள்ளத்தை நிரப்பும் புட்டி), பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), பெயின்ட், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) என்று அடுக்கடுக்காக இருக்கிறது. எந்த அடுக்கு கெட்டது என்று தெரியாமல் அடுத்த கோட் அடிக்காதீர்கள்.

அதைக் கண்டுபிடிக்க மூன்று விஷயம் பார்த்தால் போதும். கோளாறு எங்கே இருக்கிறது: ஒட்டிய ஓரத்தில் மட்டுமா, பாடி முழுக்கவா? ஓரத்தில் மட்டும் என்றால் பசை அல்லது பட்டி. முழுக்க என்றால் பெயின்ட், காற்று, அல்லது கழுவாத பாடி. அடுத்து, எப்போது வந்தது: அடித்த நிமிடமேவா, மறுநாளா, ஒரு மாதம் கழித்தா? மூன்றாவது, முகர்ந்து பாருங்கள். தின்னர் வாசனை இன்னும் அடித்தால் உள்ளே காயவில்லை. விரலுக்குக் காய்ந்ததாகத் தெரிவதை நம்ப முடியாது, மூக்கை நம்பலாம்.

இன்னொரு கணக்கையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1/24 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜ வண்டியில் 24 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு அங்குலம். நிஜ அம்பாசடர் ஏறக்குறைய 4.3 மீட்டர் நீளம். மாடலில் அது 18 சென்டிமீட்டர்தான். அரை மில்லிமீட்டர் பிசகு கையில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், கண்ணுக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

ஒட்டிய உறுப்பு கழன்று கையோடு வருகிறது

உடனே மறுபடி ஒட்டாதீர்கள். கழன்ற இரண்டு பரப்பையும் வெளிச்சத்தில் பாருங்கள். பசை எந்தப் பக்கம் தங்கியிருக்கிறதோ அந்தப் பக்கம் குற்றமில்லை. பசை முழுக்க பாடியில் ஒட்டிக்கொண்டு, உறுப்பின் அடிப்பக்கம் வழவழவென்று சுத்தமாக இருந்தால், பசை அந்த உறுப்பைப் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம்.

காரணம் இரண்டில் ஒன்று. பளபளப்பை நீக்காமல், எண்ணெய்க் கையோடு ஒட்டியிருப்பீர்கள். அதற்கு 320 நம்பர் உப்புத்தாளில் இரண்டு பக்கமும் கீறிவிட்டு, பாத்திரம் தேய்க்கும் சோப்பில் கழுவிக் காயவைத்து ஒட்டினால் போதும். இல்லையென்றால் பிளாஸ்டிக்கே தப்பு. ஐஸ்கிரீம் டப்பா, சாப்பாட்டு பார்சல் டப்பா, ஷாம்பு பாட்டில் இதிலெல்லாம் வெட்டி எடுத்த துண்டுகள் வளைவதற்கு அருமையாக இருக்கும். ஆனால் அவை பாலிப்ரொப்பிலீன், பாலிஎத்திலீன் வகை. ஃபெவிக்விக்கும் பிடிக்காது, அரால்டைட்டும் பிடிக்காது, பெயின்ட்டும் நிற்காது.

எந்த வகை என்று கண்டுபிடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் போதும். துண்டில் ஒரு சொட்டு சோப்பு தடவி (காற்றுக் குமிழி ஒட்டாமல் இருக்கத்தான்) தண்ணீரில் அமுக்கி விடுங்கள். மேலே மிதந்து வந்தால் அந்தத் துண்டு குப்பைக்கு. மூழ்கினால் பெரும்பாலும் பாலிஸ்டைரீன், ஏபிஎஸ், பிவிசி மூன்றில் ஒன்று, ஒட்டும். ஃபோம் போர்டுக்கு மட்டும் இந்தச் சோதனை செல்லாது, உள்ளே காற்று இருப்பதால் எதுவானாலும் மிதக்கும்.

நல்ல பிளாஸ்டிக் வீட்டிலேயே கிடக்கிறது. பழைய சிடி டப்பாவின் மூடி பாலிஸ்டைரீன். நொறுங்கும், ஆனால் நன்றாக ஒட்டும். காலாவதியான ஏடிஎம் கார்டு பெரும்பாலும் பிவிசி, கனம் 0.76 மில்லிமீட்டர், ஸ்பாய்லருக்கும் பம்பருக்கு அடியில் வரும் உதட்டுக்கும் கச்சிதம். சிப்பையும் காந்தப் பட்டையையும் வெட்டி எறிந்துவிட்டு மீதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

பாடி உலோகமாக இருந்தால் கதை வேறு. டைகாஸ்ட் பொம்மைகள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைக்கும் சரக்கு. உலோகத்தைக் கரைக்க அதனால் முடியாது. ஒட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, அரால்டைட்டை இரண்டு டியூபிலிருந்தும் சம அளவு கலந்து, ஒரு ராத்திரி தொடாமல் விடுங்கள். ஸ்பாய்லர் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புக்கு எந்தப் பசையும் தனியாகப் போதாது. ஒரு மில்லிமீட்டர் துளை போட்டு, நிமிர்த்திய ஜெம் கிளிப் கம்பியை ஆணியாகச் செருகி, அதோடு சேர்த்து ஒட்டுங்கள். ஃபெவிக்விக் இழுப்பைத் தாங்கும், தட்டினால் உடையும். துடைக்கும் துணி மாட்டினாலே ஸ்பாய்லர் பறந்துவிடும்.

பசை போட்ட இடத்தைச் சுற்றி வெள்ளைப் பனி படர்ந்திருக்கிறது

ஃபெவிக்விக் வகைப் பசைகள் காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகின்றன. இறுகும்போது கிளம்பும் ஆவி பக்கத்துப் பரப்பில் போய் உட்கார்ந்து, அங்கேயே ஈரத்தோடு சேர்ந்து வெள்ளையாகப் படிகிறது. சென்னைக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்? மூடிய டப்பாவுக்குள் காய வைத்தால் இன்னும் அதிகம்.

பெயின்ட் அடிக்கப்போகும் இடமென்றால் கவலை வேண்டாம், 600 நம்பர் தாளில் ஒரு தேய் தேய்த்தால் போய்விடும். காரின் ஜன்னல் கண்ணாடியில் படிந்தால்தான் வம்பு. பற்பசையோ கார் பாலிஷ் கடையில் கிடைக்கும் ரப்பிங் காம்பவுண்டோ தொட்டு, மெல்லிய துணியால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். அடுத்த முறை கண்ணாடிக்கு மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளை ஃபெவிகாலை எடுங்கள். காய்ந்தால் நிறமில்லாமல் போகும், அந்தச் சின்னக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ள அந்த பலம் போதும். வேறு இடங்களில் ஊசி முனையால் தொட்டு வைக்கிற அளவு பசை எடுத்து, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு ஒட்டினாலே பாதிப் பனி குறையும்.

இடது மட்கார்டும் வலது மட்கார்டும் ஒத்துப்போகவில்லை

சக்கரத்துக்கு மேலே புடைத்து நிற்கும் ஃபிளேரை ஒவ்வொன்றாக எம்-சீலில் கையால் உருட்டிச் செய்பவர்களுக்கு இது வந்தே தீரும். கண்ணால் பார்த்துச் சரிசெய்யச் செய்ய ஒரு பக்கம் பெருத்துக்கொண்டே போகும். நான்கையும் ஒரே அச்சிலிருந்து எடுப்பதுதான் வழி.

எலக்ட்ரிக்கல் கடையில் வயரிங்குக்கான பிவிசி பைப் கிடைக்கும். 1/24 காரின் சக்கரம் டயரோடு சேர்த்து சுமார் 25 மில்லிமீட்டர் விட்டம். 25 பைப் உள்ளே இடம் தராது. 32 மில்லிமீட்டர் பைப் வாங்குங்கள். அதிலிருந்து நான்கைந்து மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு வளையம் அறுத்து, ஒவ்வொன்றையும் பாதியாக வெட்டினால் ஒரே வளைவில் நான்கு ஃபிளேர் தயார். அறுக்கும் முன் பைப்பைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி அதன் விளிம்பை ஒட்டியே கோடு போடுங்கள், வெட்டு கோணாது. வளைவை விரிக்க வேண்டுமென்றால் கொதித்து இறக்கிய தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு இடுக்கியால் எடுத்தால் பிவிசி இளகியிருக்கும். ஒரு பாட்டில் மேல் அழுத்திப் பிடித்து ஆறவிடுங்கள்.

ஒட்டும் இடத்தைக் குறிக்க, ஒரு பக்கத்து மட்கார்டின் மேல் காகிதத்தை ஒட்டி, கதவுக் கோட்டையும் பம்பர் விளிம்பையும் சக்கர வளைவையும் பென்சிலால் எடுங்கள். வெட்டி, அதே காகிதத்தைத் திருப்பிப் போட்டு எதிர்ப்பக்கம் வையுங்கள். காகிதம் அங்கே உட்காரவில்லை என்றால் ஃபிளேரில் பிசகில்லை, பாடியே கோணல். மலிவான பொம்மைகளில் இது சாதாரணம். அப்போது அளவை விட்டுவிட்டு, முன்னாலிருந்து பார்க்கும்போது சமமாகத் தெரிகிற மாதிரி ஒட்டுவதுதான் புத்திசாலித்தனம். காரைக் கண்ணாடி முன்னால் வைத்து பிம்பத்தைப் பாருங்கள், பழகிய கண்ணுக்குத் தப்பிய கோணல் அதில் பளிச்சென்று தெரியும்.

எம்-சீல் இறுகவே இல்லை, அல்லது ஓரம் உரிந்து வருகிறது

இறுகவில்லை என்றால் கலவை சரியில்லை. இரண்டு களிம்பையும் சம அளவு எடுத்து, கோடு கோடாகத் தெரியும் நிறம் போய் ஒரே நிறமாகும்வரை பிசைய வேண்டும். ஒரு ராத்திரி கழித்தும் நகம் பதிந்தால் காத்திருந்து பயனில்லை, சுரண்டி எடுத்துவிடுங்கள். மேலே பட்டி போட்டு மூடினால் அது பெயின்ட்டோடு சேர்ந்து ஒரு நாள் விரிசல் விடும்.

ஓரம் உரிவதற்குக் காரணம் தண்ணீர். விரலை நனைத்து வழித்தால் மேற்பரப்பு அழகாக வரும் என்பது உண்மைதான். ஆனால் எம்-சீலை பாடியில் அழுத்தி ஒட்டும்வரை கை ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஒட்டி முடித்த பிறகே ஈர விரல்.

தெர்மாகோலை அச்சாக வைத்து மேலே எம்-சீல் போடுபவர்கள் ஒரு விஷயம் கவனியுங்கள். ஸ்ப்ரே பெயின்ட்டும் ஃபெவிக்விக்கும் தெர்மாகோலை அரித்துக் கரைத்துவிடும். மேலே ஒரு ஊசித்துளை திறந்திருந்தாலும் பெயின்ட் அதன் வழியே உள்ளே போய் வயிற்றைக் காலி செய்யும். வெளியே திடீரென்று பள்ளம் விழும். முழுக்க மூடுங்கள், அல்லது எம்-சீல் இறுகியதும் தெர்மாகோலைக் குடைந்து எடுத்துவிடுங்கள்.

பெயின்ட் அடித்து ஒரு வாரம் கழித்து ஒட்டின கோடு மறுபடி தெரிகிறது

என்னைக் கேட்டால் எல்லாக் கோளாறிலும் இதுதான் மனதை உடைப்பது. அடித்த அன்று கண்ணாடி மாதிரி இருந்தது. ஃபிளேர் எங்கே முடிகிறது, பாடி எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. சில நாளில் அதே இடத்தில் மெல்லிய பள்ளமாக ஒரு கோடு எட்டிப் பார்க்கிறது.

பெயின்ட் கடையில் சாம்பல் நிறத்தில் கிடைக்கும் என்.சி. புட்டி தின்னரில் கரைந்த சரக்கு. தின்னர் ஆவியாகும்போதுதான் இறுகும், ஆவியான அளவுக்குச் சுருங்கும். மேல்தோல் சீக்கிரம் காய்ந்து, உள்ளே இருக்கும் தின்னர் வெளியேற வழியில்லாமல் நாள் கணக்கில் கசியும். நீங்கள் மேல்தோலைச் சமமாகத் தேய்த்து பெயின்ட் அடித்துவிட்டீர்கள்; உள்ளே அது இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. போதாததற்கு, புது பெயின்ட்டின் தின்னர் உள்ளே போய்ப் பட்டியை மறுபடி உப்ப வைக்கும். உப்பிய நிலையில் தேய்த்துச் சமப்படுத்தினால், அது வடியும்போது பள்ளம்.

ஆகவே என்.சி. புட்டி கீறலுக்கும் ஊசித்துளைக்கும் மட்டும். அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆழமிருந்தால் வேறு சரக்கு. புதுப்பேட்டைப் பக்கம் பட்டி டிங்கரிங் பார்க்கும் பட்டறைகளில் ஹார்ட்னர் (இறுக வைக்கும் சரக்கு) கலந்து பூசுகிற பட்டியைப் பார்த்திருப்பீர்கள். அது தின்னர் பறந்து காய்வதில்லை, ரசாயன மாற்றத்தில் இறுகுகிறது. அதனால் சுருக்கம் குறைவு. ஹார்ட்னர் சுமார் 2 சதவீதம். ஒரு டீஸ்பூன் பட்டிக்கு ஒரு சிறிய பட்டாணி அளவு. சீக்கிரம் இறுகட்டும் என்று கூடுதலாக ஊற்றினால், மிச்சமான ஹார்ட்னர் பெயின்ட் வழியே மேலேறி வெளிர் நிறங்களில் கறையாக நிற்கும். வெள்ளை அம்பாசடரில் ஒட்டின இடத்தைச் சுற்றி மட்டும் மஞ்சளோ இளஞ்சிவப்போ தெரிந்தால் காரணம் இதுதான். வெயில் காலத்தில் சில நிமிடத்தில் தட்டிலேயே கல்லாகிவிடும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

சின்ன இடுக்குக்கு வீட்டு வைத்தியம் ஒன்று உண்டு. இடுக்கில் ஆப்ப சோடாவைத் தூவி, மேலே ஒரு சொட்டு ஃபெவிக்விக். கண நேரத்தில் இறுகும், பிறகு சுருங்காது. சூடும் புகையும் வரும், முகத்தைக் கிட்டே கொண்டு போகாதீர்கள். ஆறியதும் உடனே தேய்த்துவிடுங்கள். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் அது சுற்றியுள்ள பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகி, தாள் பிளாஸ்டிக்கை மட்டும் தின்னும், நடுவில் மேடு நிற்கும். விரலால் தாளைப் பிடித்துத் தேய்த்தாலும் இதே கதிதான், விரல் மெத்தென்று மேட்டைத் தாண்டிப் போய்விடும். ஐஸ் குச்சியில் தாளை ஒட்டி, கோட்டுக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும்.

பிறகு பரிசோதனை. விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைப் பாடியின் பக்கவாட்டில் படுக்க வைத்த மாதிரி பிடியுங்கள். மேலிருந்து அடிக்கும் வெளிச்சத்தில் தெரியாத பள்ளம் இதில் நிழலாக விழும். மெல்லிய பிரைமர் ஒரு கோட் அடித்து, ஒரு நாள் விட்டு, மறுபடி டார்ச். கோடு தெரிந்தால் மறுபடி பட்டி, 400 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்), பிரைமர். இரண்டு சுற்று போனால் ஆச்சரியப்படாதீர்கள். இந்த இடத்தில் காட்டும் அவசரம்தான் அடுத்த வாரம் கோடாக வெளிவரும்.

ஏற்கெனவே பெயின்ட் முடிந்த காரில் கோடு வந்திருந்தால்? வேறு கோளாறும் இல்லையென்றால், ஒரு மாதம் அப்படியே வைத்துவிடுங்கள். இறங்க வேண்டியது இறங்கி முடியட்டும். பிறகு 600-இல் தேய்த்து, பள்ளத்தை மட்டும் நிரப்பி, அந்தப் பக்கத்தை முழுதாக மறுபடி அடிக்கலாம். முழு பாடியையும் உரிக்கத் தேவையில்லை.

பளபளவென்று அடித்த பெயின்ட் பால் மாதிரி வெளுத்துப் போகிறது

இது சென்னைக்காரர்களுக்கென்றே எழுதி வைத்த கோளாறு. ஸ்ப்ரேயில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பைக் குளிர வைக்கிறது. குளிர்ந்த பரப்பில் காற்றின் ஈரம் துளித்துளியாகப் படிந்து பெயின்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. கறுப்பிலும் கிளியரிலும் அப்பட்டமாகத் தெரியும், வெள்ளையில் பளபளப்பு மட்டும் செத்துப்போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஸ்ப்ரே கேனைத் தொடாமல் இருப்பது உத்தமம். அந்த மாதங்களில் வெட்டுவது, ஒட்டுவது, தேய்ப்பது என்று வேலையை வைத்துக்கொள்ளலாம். மற்ற மாதங்களிலும் நேரம் முக்கியம். வெயில் ஏறவில்லை, குளுகுளுவென்று இருக்கிறது என்று விடிகாலையில் அடிப்பவர்கள் உண்டு. காற்றில் ஈரப்பதம் அதிகமாக இருப்பதே அப்போதுதான். பிற்பகலில் கடல் காற்று உள்ளே வந்தால் மறுபடி ஈரம். இரண்டுக்கும் நடுவே, காலை பத்து மணியிலிருந்து உச்சிவேளைக்குள் அடிப்பது நல்லது. திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடலை ஒட்டி இருப்பவர்களுக்கு இந்த இடைவெளி அம்பத்தூர்க்காரர்களைவிடக் குறைவு.

இன்னொரு காரணம் யாருக்கும் தோன்றாது: ஏசி. ராத்திரி முழுக்க ஏசி அறையில் கிடந்த பாடியை எடுத்துக்கொண்டு நேராக பால்கனிக்குப் போய் அடித்தால், குளிர்ந்த பரப்பில் வெளிக்காற்றின் ஈரம் முன்னாலேயே படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடி போட்டவர்கள் ஏசி காரிலிருந்து இறங்கும்போது என்ன ஆகிறதோ அதே சமாச்சாரம். அரை மணி நேரம் பாடியை வெளியே வைத்து, வெளிச் சூட்டுக்கு வந்த பிறகு அடியுங்கள். கேனையும் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் நிறுத்தி வைத்தால் பெயின்ட் மெல்லியதாக வரும். வெதுவெதுப்பு என்றால் கை பொறுக்கிற சூடு. கேனை அடுப்புப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, 50 டிகிரிக்கு மேல் சூடேற்றக் கூடாது.

வெளுத்துவிட்டதைச் சரிசெய்ய, காற்று வறண்டிருக்கும் ஒரு நாளில் அதே வகை கிளியரையோ, மெதுவாகக் காயும் தின்னரையோ தூரத்திலிருந்து மிக மெல்லிய தூவலாக அடியுங்கள். மேற்பரப்பு லேசாக இளகி, சிக்கிய ஈரம் வெளியேறி, பல சமயம் பழைய பளபளப்பு திரும்பிவிடும். திரும்பவில்லை என்றால் நன்றாகக் காயவிட்டு, 1500 வாட்டர் பேப்பரில் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றுங்கள்.

பெயின்ட் சுருங்கி, வெடித்து, தோல் மாதிரி மேலெழுகிறது

எனாமல் பெயின்ட் (மெதுவாகக் காயும் எண்ணெய் வகை) முழுதாகக் காயாமல் மேலே லேக்கர் ஸ்ப்ரே (தின்னர் பறந்து சீக்கிரம் காயும் வகை) அடித்திருக்கிறீர்கள். லேக்கரின் தின்னர் கடுமையானது. கீழே இருக்கும் எனாமலை உப்பவைத்து மடிக்கும். வாசனைச் சோதனை முழுப் பலன் தருவது இங்கேதான். லேக்கருக்கு மேல் எனாமல் அடிக்கலாம், எனாமலுக்கு மேல் லேக்கர் வேண்டாம் என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை.

பெயின்ட் மடியாமல் பிளாஸ்டிக்கே வலை வலையாக வெடித்திருந்தால், பிரைமர் இல்லாமல் வெறும் பாலிஸ்டைரீன் மேல் கனமாக அடித்ததன் விளைவு. சிடி டப்பாத் துண்டுகளில் அதிகம் பார்க்கலாம்.

சுருங்கியதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, உரித்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக் பாடியை தின்னரிலோ நெயில் பாலிஷ் ரிமூவரிலோ போட்டுவிடாதீர்கள், பெயின்ட்டோடு பாடியும் கரையும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எலக்ட்ரானிக்ஸ் போர்டு சுத்தம் செய்ய விற்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, பாடியை அதில் ஊறவைத்துப் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். எல்லா பெயின்ட்டையும் அது எடுக்காது, ஆனால் பாடியைப் பாழாக்காது. எதற்கும் முதலில் உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். சீக்கிரம் தீப்பிடிக்கும் சரக்கு. சமையலறையில் வைத்து வேலை செய்ய வேண்டாம். முழு உலோக பாடி என்றால் பெயின்ட் கடை ரிமூவரே போதும், கையுறை மட்டும் கட்டாயம், ஃபிளேரையும் கண்ணாடியையும் முன்னாலேயே கழற்றிவிடுங்கள்.

பெயின்ட் ஒட்டாமல் குட்டிக் குட்டி வட்டமாக விலகுகிறது

எண்ணெய். தலைக்குத் தேங்காய் எண்ணெய் தடவின கையோடு பாடியைப் பிடித்திருப்பீர்கள், அல்லது காருக்குப் போடும் டேஷ்போர்டு பாலிஷ் அதே துணியில் இருந்திருக்கும். சிலிக்கான் கலந்த அந்த பாலிஷ் ஒரு துளி பட்டாலும் போதும். காய்ந்ததும் தேய்த்து எடுத்து, பாத்திர சோப்பில் கழுவி, அதன் பிறகு பாடியை வெறுங்கையால் தொடாமல் உள்ளே ஒரு குச்சியை ஒட்டிப் பிடித்துக்கொண்டு அடியுங்கள்.

சொரசொரப்பு, வழிசல், தூசி, கொசு

ஆரஞ்சுத் தோல் மாதிரி சொரசொரப்பு என்றால் தூரத்திலிருந்து அடித்திருக்கிறீர்கள், பெயின்ட் போய்ச் சேர்வதற்குள் பாதி காய்ந்துவிடுகிறது. அக்னி நட்சத்திர வெயிலில் கிட்டேயிருந்து அடித்தாலும் இது வரும். வழிந்தால் மிகக் கிட்டே. இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, பாடிக்கு வெளியே தொடங்கி பாடிக்கு வெளியே முடியுங்கள். இரண்டையும் காய்ந்த பிறகு 1000, 1500 என்று வாட்டர் பேப்பரில் தேய்த்துச் சரிசெய்யலாம். ஈரமாக இருக்கும்போது விரல் வைத்தால் போச்சு. சாயங்கால பால்கனி வேலையில் கொசு வந்து ஒட்டிக்கொள்வதும் சகஜம். அதையும் காய்ந்த பிறகே எடுக்க வேண்டும், கால் மட்டும் உள்ளே தங்கும்.

மாஸ்கிங் டேப்போடு பெயின்ட்டும் உரிந்து வருகிறது

பிரைமர் இல்லை, அல்லது டேப் பல நாள் கிடந்திருக்கிறது. டேப்பை ஒட்டும் முன் உள்ளங்கையில் ஒருமுறை ஒட்டி எடுத்தால் பசை வேகம் குறையும். எடுக்கும்போது மேலே தூக்காமல், பின்னால் மடித்து மெதுவாக இழுங்கள்.

ஸ்பாய்லர் வாழைப்பட்டை மாதிரி வளைந்துவிட்டது

இரண்டு தகட்டைக் கரைக்கும் பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தால், நடுவில் மாட்டிய கரைப்பான் மெதுவாக வெளியேறி ஒரு பக்கமாக இழுக்கும். முழுப் பரப்புக்கும் பசை பூசாமல் ஓரத்திலும் நடுவிலும் மட்டும் தொட்டு வைத்து, கனமான புத்தகத்துக்கு அடியில் ஒரு நாள் வைத்தால் வளையாது. வளைந்துவிட்டதைச் சுடுதண்ணீரில் இளக்கி, சமதளத்தில் அழுத்தி ஆறவிடலாம். பெயின்ட் அடித்த பிறகு வளைந்தது என்றால் மேற்கு ஜன்னல் பக்கம் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். முப்பரிமாண பிரின்ட் எடுத்த பிஎல்ஏ பிளாஸ்டிக் உறுப்பு சுமார் 60 டிகிரியிலேயே இளகும். வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டில் அந்தச் சூடு தாராளமாக வரும். மாடலை அங்கே அலங்காரத்துக்கு வைக்க ஆசைப்பட்டால் ஸ்பாய்லரை ஏடிஎம் கார்டில் செய்வதும் முழு உத்தரவாதமில்லை, பிவிசி 80 டிகிரிக்குப் பக்கத்தில் இளகும்.

எல்லாம் முடிந்தது, சக்கரம் சுற்றவில்லை

ஃபிளேரின் உள்விளிம்பில் சேர்ந்த பட்டியும் பெயின்ட்டும் டயரில் உரசுகின்றன. டயரில் சாக்பீஸைத் தேய்த்து ஒரு சுற்று சுற்றினால் உரசும் இடத்தில் வெள்ளை படியும். அங்கே மட்டும் பேனா மேல் சுற்றிய 320 தாளால் தேய்த்து எடுங்கள். நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரையில் படவில்லை என்றால், சமையல் மேடை கிரானைட் மேல் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தின் அடியிலும் ஒரு துண்டுக் காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். காகிதம் தடையில்லாமல் போகும் சக்கரம்தான் தூக்கியிருக்கிறது. அதற்கு எதிர்மூலைச் சக்கரத்தையும் பார்த்துவிட்டு அச்சுத்துளையைத் தொடுங்கள். பல சமயம் துளையில் குற்றமிருக்காது, அடித்தட்டின் திருகு ஒன்று கூடுதலாக இறுகியிருக்கும். அரைச் சுற்று தளர்த்தினால் நான்கும் உட்கார்ந்துவிடும்.